ஒரு துறைமுக எழுத்தரும் 10,080 காரணிகள் கொண்ட ஓர் எண்ணும்

67,46,32,83,88,800 என்பது பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட ஒரு முழு எண். ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு என்று சொற்களில் விரியும் இந்த எண், 1915ஆம் ஆண்டு லண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் சீனிவாச இராமானுஜன் வெளியிட்ட அறுபத்து மூன்று பக்கக் கட்டுரையில், அவர் கணக்கிட்டு அமைத்த ஓர் அட்டவணையின் கடைசி வரியில் இடம்பெற்றிருக்கிறது. அளவில் பெரியது என்பதற்காக அது அங்கே இடம்பெறவில்லை. இதைவிடப் பெரிய எண் வேண்டுமானால் எந்தச் சிறுவனும் இதன் வலப்பக்கம் ஒரு சுழியைச் சேர்த்து எழுதிவிட முடியும். மீதியின்றி இதை வகுக்கும் முழு எண்கள் 10,080 இருக்கின்றன என்பதும், இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் கிடையாது என்பதுமே இதன் சிறப்பு.

தமிழ்நாட்டில் இராமானுஜனின் பெயரோடு சேர்த்து நினைக்கப்படும் எண் 1729. இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரு வேறு வழிகளில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்று, நோயுற்றிருந்தபோது தம்மைக் காண வந்த பேராசிரியர் ஹார்டியிடம் அவர் சொன்ன செய்தி பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. ஆனால் 1729 ஓர் உரையாடலின் நடுவே வந்து விழுந்த எண்; அட்டவணையின் கடைசி வரியில் நிற்கும் எண்ணோ நீண்ட, முறையான ஆராய்ச்சியின் விளைச்சல், அந்த ஆராய்ச்சிக்காகவே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916 மார்ச் மாதத்தில் அவருக்குப் பி.ஏ. பட்டம் வழங்கியது. இந்த எண்ணின் அமைப்பைப் புரிந்துகொள்ள ஆறாம் வகுப்புக் கணக்கு போதும் என்பதும், அதே அமைப்பு இன்றுவரை எவராலும் தீர்க்கப்படாத ஒரு பெரும் கேள்வியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதும்தான் இதைப் பொது வாசகருக்கு விளக்கிச் சொல்லத் தகுந்ததாக ஆக்குகின்றன.

காரணி என்றால் என்ன?

வடசென்னையின் மாத்தூர், மணலி, மாதவரம் வட்டாரத்தில் வசிப்பவர்கள் நாள்தோறும் கடந்துபோகும் கன்டெய்னர் யார்டு ஒன்றில், ஒரே அளவுள்ள பன்னிரண்டு பெட்டிகளைத் தரையில் செவ்வகமாக அடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரே வரிசையில் பன்னிரண்டாகவோ, இரண்டு வரிசைகளில் ஆறாறாகவோ, மூன்று வரிசைகளில் நான்கு நான்காகவோ வைக்க முடியும். இந்த அடுக்குகளில் வரும் 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்களே 12இன் காரணிகள், அதாவது 12ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள். பெட்டிகள் பதின்மூன்றாகிவிட்டால் நிலைமை வேறு. ஒரே நீண்ட வரிசையாக வைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை, ஏனென்றால் 13க்கு 1, 13 என்ற இரண்டு காரணிகள் மட்டுமே உண்டு. இவ்வாறு ஒன்றையும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாத எண்ணைப் பகா எண் என்றும், அதற்கு மேலும் காரணிகள் உள்ளதைப் பகு எண் என்றும் பள்ளிப் பாடநூல்கள் அழைக்கின்றன.

எண்கணித ஆய்வாளர்களின் கவனத்தைப் பெரும்பாலும் பகா எண்களே ஈர்த்துவந்தன. இராமானுஜனோ 1915ஆம் ஆண்டுக் கட்டுரையில் அதன் நேர் எதிர்த்திசையில் போனார்: எந்த எண் பகா எண்ணிலிருந்து முடிந்தவரை விலகி நிற்கிறது, அதாவது தன் அளவுக்குள் மிக அதிகமான காரணிகளைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று கேட்டார். தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணை அவர் தனி வகையாகப் பிரித்தார். தமிழில் அதை மிகு பகு எண் என்று அழைக்கலாம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று அந்த வரிசை தொடங்குகிறது. 12க்கு ஆறு காரணிகள், 24க்கு எட்டு, 60க்குப் பன்னிரண்டு, 360க்கு இருபத்து நான்கு. வரிசையில் இடம்பெறும் ஒவ்வோர் எண்ணும் அதுவரை இருந்த உச்சத்தை முறியடிக்கிறது.

இந்த எண்கள் கணிதவியலாளர் ஒருவரின் தேடலில் திடீரென்று முளைத்தவை அல்ல என்பதை அன்றாட அளவைகள் காட்டுகின்றன. நாளுக்கு 60 நாழிகை என்ற பழைய தமிழ்க் கணக்கும், 24 மணி நேரமும், ஆண்டுக்கு 12 மாதமும், வட்டத்துக்கு 360 பாகையும், பவுண்டுக்கு 240 பென்னி என்ற பழைய ஆங்கில நாணய முறையும் மிகு பகு எண்களின் மீதே நிற்கின்றன. பங்கு போடும்போது பின்னம் வராமலிருக்க, எளிதில் பிரியும் எண்ணை அளவையாக வைத்துக்கொள்வது வசதியாக இருந்தது அதற்கு ஒரு காரணம். கிரேக்க அறிஞர் பிளேட்டோ தமது 'சட்டங்கள்' என்னும் நூலில், இலட்சிய நகரத்தின் நிலவுடைமையாளர்களின் எண்ணிக்கை 5,040 ஆக இருக்க வேண்டும் என்று வகுத்ததற்கும் இதுவே காரணம். 11ஐத் தவிர 1 முதல் 12 வரையிலான எல்லா எண்களாலும் வகுபடும் அந்த எண்ணும் ஒரு மிகு பகு எண்ணே, அதன் காரணிகள் அறுபது.

10,080 எப்படி வந்தது?

ஆறு லட்சத்து எழுபத்து நான்காயிரம் கோடிக்கும் மேற்பட்ட ஓர் எண்ணின் காரணிகளை ஒவ்வொன்றாக எழுதி எண்ண வேண்டிய தேவை இல்லை. எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு வழியில்தான் பிரிக்க முடியும் என்பது எண்கணிதத்தின் அடிப்படை உண்மை. அவ்வாறு பிரித்தால், இந்த எண்ணில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5 இரண்டு முறையும், 7 இரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவை ஒவ்வொரு முறையும் வருகின்றன. ஒரு பகா எண் இவ்வாறு எத்தனை முறை வருகிறது என்பதைக் குறிக்கும் எண்ணுக்கு அடுக்கு என்று பெயர்.

இனி, இந்த எண்ணின் ஒரு காரணியை உருவாக்க வேண்டுமானால், அதில் 2 எத்தனை முறை வரவேண்டும், 3 எத்தனை முறை வரவேண்டும் என்று ஒவ்வொரு பகா எண்ணுக்கும் தனித்தனியே முடிவு செய்தால் போதும். 2ஐ ஒரு முறைகூடச் சேர்க்காமல் விடுவது முதல் ஆறு முறை சேர்ப்பது வரை ஏழு தேர்வுகள் உண்டு. 3க்கு ஐந்து தேர்வுகள். 5க்கும் 7க்கும் மும்மூன்று. எஞ்சிய ஐந்து பகா எண்களில் ஒவ்வொன்றையும் சேர்ப்பதா விடுவதா என்று இரண்டிரண்டு தேர்வுகள். ஒரு தேர்வு மற்றொன்றைக் கட்டுப்படுத்தாததால் இவற்றையெல்லாம் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைத்துவிடும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080. இந்த விடையும் ஒரு மிகு பகு எண்ணே. ஒரு வாரத்தில் உள்ள நிமிடங்களின் எண்ணிக்கையும் இதுவே.

10,080 என்பது எவ்வளவு மிகுதி என்பதைச் சராசரியோடு ஒப்பிட்டால்தான் தெரியும். ஜெர்மானியக் கணிதவியலாளர் டிரிக்லே 1849இல் நிறுவிய முடிவின்படி கணக்கிட்டால், இதே அளவுள்ள எண்களுக்குச் சராசரியாக முப்பதை ஒட்டிய காரணிகளே உள்ளன. இந்த எண்ணோ 1 முதல் 28 வரையிலான ஒவ்வொரு முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடுகிறது. 16 வேண்டுமானால் ஆறு இரண்டுகளில் நான்கு இருக்கின்றன. 25 வேண்டுமானால் இரண்டு ஐந்துகள் இருக்கின்றன. 27க்கு மூன்று மூன்றுகள், 28க்கு இரண்டு இரண்டுகளும் ஓர் ஏழும் போதும். இதை முதன்முதலில் வகுக்க மறுக்கும் எண் 29, அதுவும் இந்தப் பெருக்கலில் இடம்பெறாத ஒரு பகா எண் என்பதால்தான்.

துறைமுக அலுவலகத்திலிருந்து கேம்பிரிட்ஜ் வரை

இந்த அட்டவணையை அமைத்தவர் சில ஆண்டுகளுக்கு முன்னர்வரை வடசென்னையின் கடற்கரையோர அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் படிப்பை முடிக்க முடியாமல் போனவர். 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. இராமசாமி ஐயரும், நெல்லூர் ஆட்சியராக இருந்த ஆர். இராமச்சந்திர ராவும் அவருடைய ஆற்றலை உணர்ந்து உதவினார்கள். 1912 மார்ச் 1 அன்று அவர் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அந்நாளில் ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடியிருந்த அவருக்கு அலுவலகம் எட்டும் தூரத்தில் இருந்தது.

ரூபாய், அணா, பை என்ற பழைய முறையில் கணக்கு எழுதப்பட்ட காலம் அது. பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு பை ஓர் அணா என்பதால் ஒரு ரூபாய்க்கு 192 பை. 192க்குப் பதினான்கு காரணிகள் உண்டு. ஆனால் அதைவிடச் சிறிய 180க்கோ பதினெட்டுக் காரணிகள். ஒரு தொகையை எத்தனை விதமாகப் பங்கிட முடியும் என்பது கணக்குப் பேரேட்டில் நாள்தோறும் எழும் கேள்வி என்றாலும், அதை எல்லா எண்களுக்கும் பொதுவான கேள்வியாக உயர்த்தி, அதற்கு முறையான விடை தேடுவது கணிதவியலாளரின் வேலை.

அந்த வேலைக்கு அவருக்கு நேரமும் ஆதரவும் அளித்தவர்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள் என்பது வடசென்னை பெருமைப்படத் தகுந்த செய்தி. துறைமுகத்தின் தலைவராக இருந்த பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும், மேலாளராக இருந்த எஸ். நாராயண ஐயரும் எழுத்தரின் கணிதத்தை வேலைக்கு இடையூறாகக் கருதாமல், அதை உரியவர்களின் கண்ணில் படச் செய்தார்கள். தாமே கணிதம் பயின்றவரான நாராயண ஐயர், அவருடன் அமர்ந்து பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தவர். 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதத்தில், துறைமுகக் கணக்குப் பிரிவில் எழுத்தர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதினார். அடுத்த மாதம் துறைமுகத்துக்கு வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய குறிப்புகளைக் கண்டு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார். 1913 மே மாதத்திலிருந்து மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. 1914 மார்ச் 17 அன்று, தாம் பணியாற்றிய அதே துறைமுகத்திலிருந்து 'நெவாசா' என்னும் கப்பலில் அவர் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அதற்கு அடுத்த ஆண்டே மிகு பகு எண்கள் பற்றிய கட்டுரை வெளியாயிற்று.

எண்ணுக்குள் இருக்கும் ஒழுங்கு

அக்கட்டுரையின் அட்டவணையில் 102 மிகு பகு எண்கள் இருக்கின்றன. கணிப்பொறி இல்லாத காலத்தில் லட்சக்கணக்கான கோடி எண்களை ஒவ்வொன்றாகச் சோதித்து அவற்றைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பது வெளிப்படை. மிகு பகு எண் ஒன்று எந்த வடிவில் இருந்தே தீரவேண்டும் என்பதை முதலில் நிறுவி, அந்த வடிவில் பொருந்தும் எண்களை மட்டும் இராமானுஜன் ஆராய்ந்தார். அவர் நிறுவிய விதிகளில் முதல் மூன்றை எவரும் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதல் விதி, மிகு பகு எண்ணில் வரும் பகா எண்கள் 2இல் தொடங்கி இடையில் ஒன்றும் விடுபடாமல் தொடர்ச்சியாக வரவேண்டும் என்பது. 10இல் 2உம் 5உம் இருக்கின்றன, 3 இல்லை. 5க்குப் பதிலாக 3ஐ வைத்தால் 6 கிடைக்கிறது. இரண்டுக்கும் நான்கு காரணிகளே, ஆனால் 6 சிறியது. எனவே 10க்கு இந்த வரிசையில் இடமில்லை. இரண்டாம் விதி, பகா எண் பெரிதாகப் பெரிதாக அதன் அடுக்கு கூடக் கூடாது என்பது. 18இல் 2 ஒரு முறையும் 3 இரண்டு முறையும் வருகின்றன. அவற்றை இடம் மாற்றினால் 12 கிடைக்கிறது. இரண்டுக்கும் ஆறு காரணிகள் என்பதால் 18 தகுதி இழக்கிறது. கடைசி வரி எண்ணின் அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என்று படிப்படியாக இறங்குவது இந்த விதியின் விளைவே.

மூன்றாம் விதி சற்று நுட்பமானது: 4, 36 என்ற இரண்டு எண்களைத் தவிர, எல்லா மிகு பகு எண்களிலும் மிகப் பெரிய பகா எண்ணின் அடுக்கு ஒன்றாகவே இருக்கும். எடுத்துக்காட்டாக, 1,800இல் 2 மூன்று முறையும், 3 இரண்டு முறையும், மிகப் பெரிய பகா எண்ணான 5 இரண்டு முறையும் வருகின்றன, காரணிகள் முப்பத்தாறு. இதிலிருந்து ஓர் ஐந்தையும் ஓர் இரண்டையும் எடுத்துவிட்டு, அடுத்த பகா எண்ணான 7ஐச் சேர்த்தால் 1,260 கிடைக்கிறது. அதற்கும் அதே முப்பத்தாறு காரணிகள். அடுத்த பகா எண் எப்போதும் முந்தையதன் இரு மடங்கைவிடச் சிறியதாகவே இருக்கும் என்பதால் இந்த மாற்றம் எண்ணைச் சிறிதாக்கியே தீரும். அந்த உண்மைக்குப் பெர்ட்ராண்டின் கூற்று என்று பெயர். அதற்கு மிகச் சுருக்கமான ஒரு நிறுவலை 1919இல் வெளியிட்டவரும் இராமானுஜனே.

இந்த விதிகளுக்கு உட்பட்டும் அடுக்குகளை எவ்வளவு நுட்பமாகச் சமன்செய்ய வேண்டியிருக்கிறது என்பதைக் கடைசி வரி எண்ணைக் கொண்டே பார்க்கலாம். அதில் இல்லாத 29ஐச் சேர்த்தால் காரணிகள் இரட்டிப்பாகும். ஆனால் எண் பெரிதாகாமலிருக்க 2, 3, 5 ஆகியவற்றில் ஒவ்வொன்றை விட்டுவிட வேண்டும். அப்போது கிடைக்கும் 65,21,45,07,75,840 என்ற எண் சற்றே சிறியதுதான் என்றாலும், அதன் காரணிகள் 9,216 மட்டுமே. அவ்வாறன்றி ஒரு மூன்றை எடுத்துவிட்டு ஓர் இரண்டைச் சேர்த்தாலும் காரணிகள் அதே 9,216க்கு இறங்கிவிடுகின்றன. எந்தப் பக்கம் திருத்தினாலும் இழப்பே நேர்கிறது என்பதே மிகு பகு எண்ணின் உள்ளமைப்பு.

எந்தப் பகா எண்ணுக்கு முதலிடம்?

ஓர் எண்ணை வளர்த்துக்கொண்டே போகும்போது ஒவ்வொரு கட்டத்திலும் எந்தப் பகா எண்ணால் பெருக்குவது மிகுந்த பயன் தரும் என்ற கேள்விக்கும் இராமானுஜன் தெளிவான விடை கண்டார். புதிய பகா எண் ஒன்றைச் சேர்த்தால் காரணிகள் இரு மடங்காகும். ஏற்கெனவே ஒரு முறை உள்ளதை மீண்டும் சேர்த்தால் ஒன்றரை மடங்காகும். மூன்றாம் முறை சேர்த்தால் மூன்றில் நான்கு மடங்காகும். ஆனால் 23ஐச் சேர்த்தால் எண் 23 மடங்கு பெருக்கிறது, 2ஐச் சேர்த்தால் இரண்டு மடங்கே. ஆகவே காரணிகளில் கிடைக்கும் பெருக்கத்தை எண்ணின் அளவில் நேரும் பெருக்கத்தோடு மடக்கை வழியாக ஒப்பிட்டால், பகா எண்களுக்கு ஒரு திட்டமான முன்னுரிமை வரிசை கிடைக்கிறது: 2, 3, 2, 5, 2, 3, 7, 2, 11, 13, 2, 3, 5, 17, 19, 2, 23, 7, 29, 3 என்று அது செல்கிறது.

இந்த வரிசைப்படி பெருக்கிக்கொண்டே போனால் 2, 6, 12, 60, 120, 360, 2,520, 5,040, 55,440, 7,20,720 என்ற தொடர் உருவாகிறது. இவை மிகு பகு எண்களிலும் தலைசிறந்தவை. இவற்றை மேல்நிலை மிகு பகு எண்கள் எனலாம். இத்தொடரின் பதினெட்டாம் எண் 22,48,77,61,29,600. அதன் காரணிகள் 8,064. முன்னுரிமைப்படி அடுத்து வரவேண்டியது 29. ஆனால் 29ஆல் பெருக்கினால் எண் 6,52,14,50,77,58,400 என்ற உயரத்துக்குத் தாவிவிடுகிறது. அந்தத் தாவலுக்கு இடையில் உள்ள வெளியில், 29க்கு அடுத்த முன்னுரிமை பெற்ற 3ஆல் பெருக்கினால் கிடைப்பதே 67,46,32,83,88,800. அட்டவணையின் கடைசி வரி இவ்வாறு இரண்டு மேல்நிலை எண்களுக்கு நடுவில் அமைந்த ஓர் இடைநிலை எண்ணாகும்.

அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2,93,31,86,25,600 என்ற எண்ணுக்கு 5,040 காரணிகள் உண்டு. விதிப்படி அது மிகு பகு எண். ஆனால் இராமானுஜனின் பட்டியலில் அது இல்லை. அதைச் சேர்த்தால் அந்த எல்லைக்குள் உள்ள மிகு பகு எண்கள் 103 ஆகின்றன. விடுபட்ட அந்த எண்ணை 23ஆல் பெருக்கினால் கிடைப்பது, பட்டியலின் கடைசி வரியில் உள்ள அதே எண்தான் என்பது கவனிக்கத்தக்கது. கையால் போடப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெருங்கணக்குகளில் ஒன்றே ஒன்று தவறியிருப்பது, அவருடைய முறை எவ்வளவு உறுதியானது என்பதையே காட்டுகிறது.

தீராத கேள்வியின் வாசலில்

ஓர் எண்ணுக்கு அதிகபட்சம் எத்தனை காரணிகள் இருக்க முடியும் என்பதற்கு ஒரு தோராய எல்லையை சுவீடன் நாட்டுக் கணிதவியலாளர் விகெர்ட் 1907இல் கண்டிருந்தார். மிகு பகு எண்களின் அமைப்பை முழுமையாக அறிந்திருந்ததால் இராமானுஜனால் அந்த எல்லையை மிகவும் நெருக்கமாக வரையறுக்க முடிந்தது. சமனிலிகளைக் கையாள்வதில் அவர் காட்டிய தேர்ச்சியை ஹார்டி வியந்து எழுதினார். அவர் எழுதியது முழுவதும் அப்போது அச்சேறவில்லை. லண்டன் கணிதக் கழகத்தின் பண நெருக்கடியால் நிறுத்திவைக்கப்பட்ட பகுதி, எண்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் ழான்-லூயி நிக்கோலா, கீ ரோபன் ஆகியோரின் குறிப்புகளோடு 1997இல், இராமானுஜன் பெயரிலேயே தொடங்கப்பட்ட ஆய்விதழில் வெளிவந்தது.

அப்பகுதியில் இராமானுஜன் காரணிகளின் எண்ணிக்கையோடு நில்லாமல், காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாக முடியும் என்றும் ஆராய்ந்திருந்தார். பகா எண்கள் எண்வரிசையில் பரவியிருக்கும் முறை பற்றி ரீமான் 1859இல் முன்வைத்த கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டே அந்த முடிவுகளைப் பெற்றார். அந்தக் கருதுகோள் இன்றுவரை நிறுவப்படவும் இல்லை, மறுக்கப்படவும் இல்லை. கணிதத்தின் மிகப் பெரிய தீராக் கேள்வி அதுவே. கீ ரோபன் 1984இல் இந்தத் தொடர்பைத் துல்லியமாக்கினார்: ஓர் எண்ணின் காரணிகளின் கூட்டுத்தொகை அந்த எண்ணைப் போல் எத்தனை மடங்கு இருக்கலாம் என்பதற்கு மடக்கை வழியாக ஓர் எல்லை உண்டு, 5,040க்கு மேற்பட்ட எல்லா எண்களும் அந்த எல்லைக்குள் அடங்கும் என்று காட்டிவிட்டால் ரீமானின் கருதுகோளே நிறுவப்பட்டதாகும், ஏதேனும் ஓர் எண் மீறினால் கருதுகோள் பொய்யாகும்.

பிளேட்டோ தேர்ந்தெடுத்த 5,040இல் காரணிகளின் கூட்டுத்தொகை 19,344, அதாவது எண்ணைப் போல் 3.838 மடங்கு, எல்லையோ 3.817 மடங்கு. எல்லையை மீறும் எண்களில் இதுவரை அறியப்பட்ட கடைசி எண் அதுவே. 67,46,32,83,88,800ஐ அதே சோதனைக்கு உட்படுத்தினால், காரணிகளின் கூட்டுத்தொகை சுமார் 5.84 மடங்காகவும் எல்லை சுமார் 6.03 மடங்காகவும் அமைகின்றன. நெருங்கி வந்தும் மீறவில்லை. எல்லையை மீறக்கூடிய எண் ஏதேனும் இருக்குமானால், அது இத்தகைய காரணிச் செறிவு மிக்க எண்களின் நடுவேதான் இருக்க முடியும் என்பதால், இராமானுஜன் தொடங்கிய தேடல் இன்றும் உயிரோடிருக்கிறது.

வகுப்பறைக்குச் சேர வேண்டியது

1919 மார்ச்சில் நாடு திரும்பிய இராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. அவருடைய வாழ்வைப் பற்றிய சான்றுகளைத் திரட்டும் பணியை வடசென்னையின் பள்ளி ஒன்றே முன்னின்று செய்தது. முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன், இராமானுஜனை அறிந்தவர்களின் கடிதங்களையும் நினைவுகளையும் தேடித் தொகுக்க, அப்பள்ளியே 1968இல் அவற்றை நினைவு மலர்களாக வெளியிட்டது. அதே ஆசிரியரின் முயற்சியால் 1993இல் ராயபுரம் அவ்வை கலைக் கழகத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் தொடங்கப்பட்டன. இராமானுஜனைப் பிள்ளைகளிடம் கொண்டு சேர்க்க வேண்டுமானால் கணக்கைச் செய்து பார்க்க வைக்க வேண்டும் என்பதே சீனிவாசனின் ஆசிரியப் பணியில் ஊன்றியிருந்த கொள்கை.

அந்தக் கொள்கையை ஏற்றால், பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட இந்த எண் ஒரு சிறந்த பாடமாக அமையும். பகாக் காரணிப்படுத்துதலைக் கற்ற மாத்தூர்ப் பள்ளி மாணவி ஒருத்தி, இரண்டு, மூன்று என்று வகுத்துக்கொண்டே வந்து ஒன்பது பகா எண்களையும் அவற்றின் அடுக்குகளையும் தானே கண்டுபிடிக்க முடியும். ஏழு, ஐந்து, மூன்று என்று பெருக்கி 10,080ஐ எட்ட முடியும். 28 வரை எல்லா எண்களாலும் ஏன் வகுபடுகிறது, 29ஆல் ஏன் வகுபடவில்லை என்று விளக்க முடியும். கடைசி வரி எண்ணை 23ஆல் வகுத்து விடுபட்ட எண்ணைக் கண்டு, உலகப் புகழ் பெற்ற ஒரு கட்டுரையின் அட்டவணையைத் திருத்தவும் முடியும். மேதை என்ற சொல் மாணவரைத் தூரத்தில் நிறுத்திவிடுகிறது. கணக்கோ அவரை அருகில் அழைத்து உட்கார வைக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 22 அன்று தேசியக் கணித நாளில் பள்ளிகளில் நடக்கும் பேச்சுப் போட்டிகளுக்கும் ஓவியப் போட்டிகளுக்கும் நடுவே, இந்த ஓர் எண்ணைக் கரும்பலகையில் எழுதி, அதன் காரணிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ஒரு பாடவேளைக்கும் இடம் கொடுக்க வேண்டும்.